சாயக்காவும் பச்சத்தண்ணியும்

"விளக்கின் சூட்டால் வந்த மயக்கமாக இருக்கலாம்."

இந்த ஒரு வரி பல்பின் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் இறங்கவில்லை. வாய்ப்பேச்சாக இருந்தால் காற்றோடு போயிருக்கும். இது அச்சில் வந்த வரி. உலகத்தின் எந்த மூலையில் எவன் எடுத்துப் படித்தாலும் அதே வரிதான். தண்ணீருக்குள் வெளிச்சம் பட்டால் மடங்குகிற மூலக்கூறு ஒன்றைக் கண்டுபிடித்ததாக ஒரு கூட்டம் சொன்னதாம். அது மடங்கவே இல்லையாம், மடங்கியது போலத் தெரிந்தது விளக்குச் சூட்டாலாம். அந்த விளக்கைக் கட்டியவன் பல்பு. அவன் பெயரைப் போடவில்லை, சரி. பெயர் போடாமல் திட்டினால் அது திட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

பல்பு என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர். அங்கே மின்சார வேலை எல்லாம் அவன் தலையில்தான். பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதிலேயே கும்பிடு போட்டவன். வாய் முரடு. "என்ன பல்பு, இன்னைக்கு எத்தனை பல்பு வாங்குனே?" என்று எவனாவது சீண்டினால், "நான் குடுக்கிறவன். வாங்குறவன் நீ" என்பான்.

ஆனால் இது பல்பைப் பற்றிய கதை இல்லை. சாயக்காவைப் பற்றியது. முள் அவன் தொண்டையில் இருப்பதால் அங்கிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

சாயக்கா சாயப்பட்டறையிலிருந்து வந்தவள். துணிக்கு நிறம் கலக்கிற வேலை. வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்துப் பட்டம் வாங்கினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் நிறம் அளக்கிற எந்திரத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தபோது, அவள் விரல் நகங்களின் ஓரத்தில் நீலம் இன்னும் போகாமல் இருந்தது. வயதில் பெரியவர்கள்கூட அவளைச் சாயக்கா என்றார்கள். பல்பு மட்டும் தங்கச்சி என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

வந்த வாரமே சண்டை.

"அண்ணே, இந்த ரூம்ல இருக்கிற டியூப் லைட்டு பொய் சொல்லுது."

"லைட்டு எங்கயாவது பொய் சொல்லுமா? பாக்குற கண்ணைப் போய்க் காட்டு."

அவள் பையிலிருந்து இரண்டு துணித் துண்டுகளை எடுத்து மேஜையில் போட்டாள். இரண்டும் ஒரே மஞ்சள். அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்குக் கூட்டிப் போனாள். வெயிலில் பார்த்தால் ஒன்று மஞ்சள், இன்னொன்று பச்சை கலந்த மஞ்சள்.

"இப்ப சொல்லுங்க. யாரு பொய் சொல்றது?"

பல்பு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாள் அந்த அறைக்கு வேறு விளக்கு மாட்டினான். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். அவர் செய்துகொண்டிருந்த காரியம் இதுதான்: வெளிச்சம் பட்டால் மடங்கி, வெளிச்சத்தை எடுத்தால் நிமிர்கிற மூலக்கூறு. ஒரு சுவிட்சு மாதிரி. மடங்கினால் நிறம் மாறும், மஞ்சள் ஆரஞ்சாகும். அதைத்தான் சாயக்காவின் எந்திரம் அளக்கும். ஸ்பிரிட்டில் கலக்கி வைத்தால் இந்த வித்தையை எல்லாரும் காட்டிவிடுவார்கள். தண்ணீரில்தான் முடியாது. மனுஷன் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். உடம்புக்குள் ஒரு மருந்தை வெளிச்சத்தால் முடுக்க வேண்டுமென்றால் தண்ணீரில் வேலை செய்ய வேண்டும்.

"ஏன் தண்ணில மட்டும் முடியாது?" என்று பல்பு ஒருநாள் கேட்டான்.

அன்று சாயக்காவைக் கூட்டிப் போக அவள் வீட்டுக்காரர் வந்திருந்தார். பஸ் கண்டக்டர். பேச்சில் மன்னன். அவர் முந்திக்கொண்டார்.

"எங்கிட்டக் கேளுங்க மச்சான். இவ தினமும் வீட்ல பாடம் நடத்துறா. காலைல என் பஸ்ல ஏறி நின்னுருக்கீங்களா? கால் வைக்க இடம் இருக்காது. மூக்கு அரிச்சாக் கையைத் தூக்கிச் சொறிய முடியாது. அந்த மாதிரிதான். தண்ணில போட்டா இதுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கும்பலா நிக்கும். வெளிச்சம் பட்டாலும் மடங்க எங்க இடம்?"

"ஸ்பிரிட்ல?"

"அது மத்தியான பஸ்ஸு. காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

சாயக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஆனா சரியாத்தான் சொல்றாருண்ணே. எங்க மூலக்கூறுக்கு டாக்டர் ஒரு வால் ஒட்டியிருக்காரு. அந்த வாலுக்குத் தண்ணியப் பிடிக்கும். அதனால ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம, தனித்தனியா நிக்கணும். நின்னா, தண்ணிலயே மடங்கணும். மடங்குதான்னுதான் பாக்கப் போறோம்."

அதற்கு ஒரு விளக்கு வேண்டும். பலமான வெளிச்சம், அதில் நீலம் மட்டும், சூடு வரக் கூடாது. கடையில் கிடைப்பது சரிப்படவில்லை. பல்பு கட்டினான். தகரப் பெட்டிக்குள் பெரிய விளக்கு, பின்னால் மின்விசிறி, முன்னால் தட்டையான கண்ணாடித் தொட்டியில் தண்ணீர், சூட்டை அது குடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் நீலக் கண்ணாடி. முடித்த அன்று வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றான். "பாரு. சில்லுனு இருக்கு."

"உங்க கையி செருப்புத் தோலுண்ணே. அதை நம்பி நான் ஒண்ணும் எழுத முடியாது" என்றாள் சாயக்கா. ஆனால் அவளும் தன் மணிக்கட்டை வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

மடங்கியது.

விரல் அகலம்கூட இல்லாத கண்ணாடிக் குடுவைக்குள், ஊசியால் ஏற்றிய கொஞ்சூண்டு மஞ்சள் தண்ணீர். விளக்கைப் போட்டால் எந்திரத்தின் திரையில் மஞ்சளின் அளவைக் காட்டும் கோடு இறங்கும். அணைத்தால் மெல்ல ஏறும். மறுபடி போட்டால் இறங்கும். சாயக்கா அன்று யாரிடமும் சொல்லாமல் திரும்பத் திரும்ப அளந்துவிட்டு, சாயங்காலம்தான் டாக்டரைக் கூப்பிட்டாள். கட்டுரை அச்சானது. அதில் அவள் பெயரும் இருந்தது. வருஷா வருஷம் நீட்டிக்கிற தற்காலிக வேலைதான் அவளுடையது. அதை நிரந்தரமாக்கித் தருகிறேன் என்றார் டாக்டர். கண்டக்டர் முதுகுவலியால் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டோடு இருந்த நேரம் அது. வீட்டில் அடுப்பு எரிவது அவள் ஒருத்தி சம்பளத்தில்.

அப்புறம்தான் எதிர்க்கட்சி எழுதியது.

வேறொரு ஊரில் இதே வேலையைச் செய்கிற இன்னொரு கூட்டம். பல்புதான் எதிர்க்கட்சி என்று பெயர் வைத்தான். அவர்களுக்குத் தலைமை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் ஒல்லி மனிதர். அவருக்குத் தலைவர் என்று பெயர் தானாக வந்தது. தலைவர் அதே மூலக்கூறைச் செய்து தண்ணீரில் போட்டுப் பார்த்தாராம். மடங்கவில்லையாம். கும்பலாகத்தான் நிற்கிறதாம். அப்படியானால் இவர்களுக்கு மட்டும் எப்படி? விளக்கு சூடேற்றிக் கும்பலைக் கலைத்திருக்கும், நிறம் அதனால் மாறியிருக்கும். அங்கேதான் அந்த வரி.

சாயக்கா அதை வாசித்துக் காட்டியபோது பல்பு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் குத்தினான்.

"என் விளக்கைப் பாத்திருக்கானா அவன்? தொட்டிருக்கானா?"

"இருக்கலாம்னுதான்ணே போட்டிருக்காரு. இருக்குன்னு போடல."

"லாம்! அந்த 'லாம்'தான் பெரிய அயோக்கியத்தனம். நீ திருடனா இருக்கலாம்னு நான் ஊரெல்லாம் சொல்றேன், சும்மா இருப்பியா?"

பதிலுக்குப் பதில் எழுதினார்கள். ஒரு பக்கம் பேசுகிறவர்கள், மறு பக்கம் பேசுகிறவர்கள் என்று தூரத்தில் உள்ளவர்களும் பிரிந்தார்கள். கடைசியில் டாக்டர் சொன்னார்: "எழுதி எழுதி ஓயாது. நேர்ல வந்து பாக்கட்டும்." தலைவரும் சரி என்றார். அவர் கண்முன்னால், குடுவை கழுவுவதிலிருந்து எல்லாம் செய்து காட்ட வேண்டும். மடங்கினால் தலைவர் தன் வார்த்தையைத் திரும்பப் பெறுவார். மடங்காவிட்டால் டாக்டர் கட்டுரையைத் திரும்பப் பெறுவார். கட்டுரை போனால் சாயக்காவின் வேலையும் போகும். இதை யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அந்த நாள் வந்தது.

காலையிலேயே பல்பு விளக்குத் தொட்டியின் தண்ணீரை மாற்றினான், விசிறிக்கு எண்ணெய் விட்டான், ஒவ்வொரு திருகையும் இரண்டு முறை முறுக்கினான். சாயக்கா எந்திரத்தை முடுக்கிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய சின்ன அறை. உள்ளே மூச்சு விட்டால் அடுத்தவர் கழுத்தில் படும்.

வாஷிங் ரூம் கட்டடத்தின் மறு கோடியில். அங்கே குடுவை கழுவுகிறவளை அலசலக்கா என்பார்கள். தலைவர் அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதலில் சோப்பு, அப்புறம் குழாய், கடைசியாக எதில் என்றார். "தண்ணிலதான் சார்" என்றாள் அலசலக்கா. கட்டுரையிலும் அப்படித்தான் இருந்தது. தலைவர் குனிந்து டிக் போட்டார். கழுவிய குடுவைகள் மூடி போட்டு, தட்டில் ஈரத்தோடு வந்து சேர்ந்தன. மற்ற நாட்களில் மறுநாள்தான் வரும்.

சாயக்கா ஊசியால் மஞ்சளை ஏற்றினாள். குடுவையை எந்திரத்தில் வைத்தாள். பல்பைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பல்பு சுவிட்சைத் தட்டினான்.

கோடு இறங்கியது. இறங்கியது என்றால், படிக்கட்டில் இறங்குவது போலில்லை, மாடியிலிருந்து விழுவது போல இறங்கியது. அணைத்தான், ஏறியது. போட்டான், விழுந்தது. இன்னொரு குடுவை. அதிலும் அப்படியே. டாக்டர் மூச்சை வெளியே விட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். ஒரு டம்ளர் தண்ணீரை விளக்கின் முன்னால் வைத்து வெப்பமானியை முக்கிப் பார்த்தார். அசையவில்லை. "சூடு பெரிசா இல்ல போல" என்று முணுமுணுத்தார். பல்புக்கு அந்த முணுமுணுப்பு மாலை போட்டது மாதிரி இருந்தது. முள் இறங்கத் தொடங்கிவிட்டது.

"டீ குடிச்சிட்டு வந்து பேசலாம்" என்று டாக்டர் தலைவரை அழைத்துக்கொண்டு போனார்.

பல்பு திரும்பினான், சாயக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கலாம் என்று. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன தங்கச்சி? ஜெயிச்சாச்சு!"

"இது சரியில்லண்ணே."

"எது?"

"இவ்வளவு நல்லா இது எப்பவுமே மடங்குனதில்ல." அவள் தட்டை அருகே இழுத்து, இன்னும் நிரப்பாத ஒரு குடுவையின் மூடியைத் திறந்தாள். சாயப்பட்டறையில் பீப்பாயைத் திறந்து முகர்வது போல மூக்கருகே கொண்டு போனாள். இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு எழுந்து, நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத வேகத்தில் வாஷிங் ரூமுக்குப் போனாள். பல்பு பின்னாலேயே போனான்.

"அக்கா, கடைசியா எதுல அலசுனீங்க?"

"தண்ணிலதாம்மா. எப்பவும் போல."

"எந்தத் தண்ணி?"

அலசலக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "இது என்ன கேள்வி? தண்ணின்னாத் தண்ணி. இதோ, சிவப்பு மூடி."

"அப்ப வெள்ளை மூடி?"

"அது பச்சத்தண்ணி. அதுல அலசுனா எப்பம்மா காயும்? நீங்க எல்லாம் சீக்கிரம் சீக்கிரம்னு பறப்பீங்களே."

சிவப்பு மூடிப் பாட்டிலில் இருந்தது ஸ்பிரிட்.

எப்போதோ ஒரு குடிகாரன் அந்த அறையில் வேலை பார்த்தானாம். "தண்ணி தீந்துபோச்சு, ஸ்டோர்ல வாங்கிட்டு வா" என்று அவன் ஸ்பிரிட்டைச் சொன்னதில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவன் போய்விட்டான், பெயர் நின்றுவிட்டது. அந்த அறையில் தண்ணி என்றால் ஸ்பிரிட். குழாயிலும் வாளியிலும் வெள்ளை மூடியிலும் இருப்பது பச்சத்தண்ணி. நாளாக நாளாகச் சிரிப்பும் போய், வெறும் சொல்லாகிவிட்டது. சாயக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கேட்டாள், கடைசியாக எதில் அலசுவீர்கள் என்று. தண்ணில என்றாள் அலசலக்கா. அது அப்படியே கட்டுரைக்குப் போனது. இவளும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை.

பல்புக்கு அந்தப் பெயர் தெரியும். அவனே அந்த அறைக்குப் போனால், "என்னக்கா, காலைலயே தண்ணியா?" என்று கேலி பண்ணியிருக்கிறான். இரண்டு அறைக்கும் போய்வந்த ஒரே ஆள் அவன்தான். ஆனாலும் அவனுக்கு உறைக்கவில்லை. விளக்கு, விளக்கு என்ற ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டு அவன் காது அடைத்துப் போயிருந்தது.

நடைவழியில் சாயக்கா சுவரில் சாய்ந்தாள். "குடுவை சின்னது. அடியில ரெண்டு சொட்டு ஸ்பிரிட் தங்கினாப் போதும், கும்பல் கலைஞ்சிரும். அப்புறம் மடங்காம என்ன செய்யும்? மத்த நாள்ல மூடிக்குள்ள காயாமக் கொஞ்சம் தங்கியிருக்கும். இன்னைக்கு ஈரத்தோட வந்துச்சு, அதான் அந்த ஆட்டம்."

"சரி. ரெண்டு சொட்டு. அதுக்கு?"

"சொல்லணும்ணே."

பல்பு இரண்டு பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "உனக்குக் கிறுக்கா? அந்தாளு உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கான். தோத்துட்டேன்னு அவன் வாயாலயே சொல்லப் போறான். வாய மூடிக்கிட்டு இரு. நாளைல இருந்து பச்சத்தண்ணில அலசச் சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"வீட்டுக்காரரு முதுகைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. உனக்கு வேலை நிரந்தரமாகப் போகுது. இந்த நேரத்துலயா அரிச்சந்திர வேஷம்?"

"அண்ணே, ஒரு இடத்துல வயரு ஒட்டினீங்க. டேப் சுத்த மறந்துட்டீங்க. மேல சிமெண்ட் பூசியாச்சு, யாரும் பாக்கல. விட்டுட்டு வீட்டுக்குப் போவீங்களா?"

"அது ஷாக்கடிக்கும்."

"இதுவும் அடிக்கும். இதை நம்பி எவனோ மருந்து செய்வான். அவனுக்கு அடிக்கும்."

"என் விளக்கு?" இதைக் கேட்கும்போது பல்பின் குரல் உடைந்தது. அது அவனுக்கே பிடிக்கவில்லை. "இப்பத்தான் அவன் வாயில இருந்து சூடு இல்லன்னு வந்துச்சு."

சாயக்கா அவன் முழங்கையைத் தொட்டாள். உள்ளே போனாள்.

அவள் சொல்லி முடித்தபோது டாக்டரின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவ்வளவு தூரம் நல்ல மனுஷன்தான். தலைவர் மெதுவாகக் கண்ணாடியை மாட்டினார். "அப்ப பச்சத்தண்ணில அலசி இன்னொரு தடவை பாத்துரலாமா?" என்றார். அந்தச் சொல்லை அவர் அன்றுதான் கற்றுக்கொண்டார்.

சாயக்கா தானே போய் வெள்ளை மூடியில் அலசினாள். அலசலக்கா பக்கத்தில் நின்று, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்க ஒண்ணும் பண்ணலக்கா" என்று சொல்லிக்கொண்டே சாயக்கா அலசினாள், காற்றடித்துக் காயவைத்தாள், திரும்ப வந்து மஞ்சளை ஏற்றினாள். குடுவையை எந்திரத்தில் வைத்துவிட்டுப் பல்பைப் பார்த்தாள்.

தலையசைத்தாள். சுவிட்சைத் தட்ட அவனுக்கு மனசே வரவில்லை. தட்டினான்.

கோடு நின்ற இடத்தில் நின்றது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க சார்" என்றாள் சாயக்கா. மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தாள். "அணைங்கண்ணே... போடுங்க... அணைங்க." நிமிர்ந்தாள். "இருக்கு. கொஞ்சூண்டு இருக்கு."

எல்லாரும் குனிந்தார்கள். தலைமுடி அகலத்துக்கு ஓர் இறக்கம். அணைத்தால் அதே அளவு ஏற்றம். பார்க்க வேண்டும் என்று பார்த்தால் தெரியும், வேண்டாம் என்று பார்த்தால் தெரியாது.

"இதுக்கு விளக்குச் சூடே போதும்மா" என்றார் தலைவர்.

"டம்ளர்ல வச்சுப் பாத்தீங்களே சார், அசையலையே!"

"டம்ளர்ல அவ்வளவு தண்ணி. அங்க அசையாது. குடுவைல இருக்கிறது அரை ஸ்பூன். அது எவ்வளவு சூடாகுதுன்னு பாக்க, அதுக்குள்ள நுழையுற வெப்பமானி எங்கிட்டயும் இல்ல, உங்ககிட்டயும் இல்ல."

அது உண்மை. பல்பு தன் உள்ளங்கையை விளக்கின் முன்னால் நீட்டினான். "வச்சுப் பாருங்க சார், சில்லுனு இருக்கு" என்றான். யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை.

டாக்டர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். கழுவும்போது தங்கிய ஸ்பிரிட் காரணம் என்று வெளிப்படையாக எழுதினார். சாயக்காவின் வேலையை அந்த வருஷத்தோடு நீட்டிக்கவில்லை. "சாயம் வெளுத்துப்போச்சு" என்று கேண்டீனில் ஒருவன் சொல்ல, பல்பு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். எதிர்க்கட்சியின் கட்டுரை மட்டும் அப்படியே நின்றது, அந்த வரியோடு. அவர்கள் சொன்ன முடிவு சரி, சொன்ன காரணம் தப்பு. முடிவு சரியாக இருந்தால் காரணத்தை யார் கேட்கப்போகிறார்கள்? சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் என்றுதான் தெரியாதவர்கள் இன்றும் நினைக்கிறார்கள். துணியை வெயிலில் பிடித்து விளக்கின் பொய்யைக் கண்டுபிடித்தவளை.

பல்பு கொஞ்ச காலம் அவளோடு பேசவில்லை. கோபம். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னான். ஆனால் டாக்டரின் கூட்டம் கலைந்து, சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடும்போது, கேட்டு வாங்கி விளக்குப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தான். "தூசி அடையுது, எடுத்துப் போடு" என்று மனைவி சொன்னால் காது கேட்காது.

சாயக்கா பெயிண்டுக் கடை ஒன்றில் சேர்ந்தாள். சுவருக்கு நிறம் கலந்து கொடுக்கிற வேலை. ஒருநாள் பல்பு சுண்ணாம்பு வாங்குகிற சாக்கில் போய் நின்றான்.

"என்னண்ணே, எந்தக் கலரு?"

"உன் மூஞ்சிக் கலரு. இளைச்சிருக்க."

"கோபம் தீந்துச்சா?"

"தீரல. ஆனா நீ இல்லாம அங்க பேச ஆள் இல்ல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பழையபடி ஆகிவிட்டார்கள். அந்தத் தலைமுடி அகலக் கோட்டை அவள் மறக்கவேயில்லை. பெயிண்டு டப்பாவைக் குலுக்கிக்கொண்டே, "அது சூடா, வெளிச்சமாண்ணே?" என்பாள். "சூடுன்னா, நம்ம சொன்னதுல ஒண்ணுமே நிஜமில்ல. வெளிச்சம்னா, கொஞ்சூண்டு நிஜம். கொஞ்சூண்டுன்னாலும் பச்சத்தண்ணில மடங்குச்சுன்னு ஆகும்."

பிறகு அவளுக்கு உடம்புக்கு வந்தது. வயிற்றில் கட்டி. பார்த்த டாக்டர்கள் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்டக்டர் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த கூட்டத்தை, "உள்ள போ, உள்ள போ, படில நிக்காதே" என்று தன் பழைய தொழில்குரலில் நகர்த்திக்கொண்டிருந்தார். சிரிப்பும் வந்தது, பார்க்கவும் முடியவில்லை. பல்பைக் கண்டதும் அவர் எழுந்து இடம் விட்டார்.

"தலைவர் போன் பண்ணாருண்ணே" என்றாள் சாயக்கா.

"எந்தத் தலைவர்? எதிர்க்கட்சியா? அவனுக்கு என்ன வேணுமாம்?"

"உங்க விளக்கு."

பல்பு எழுந்துவிட்டான். அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை, ஆனால் அவனால் உதறிவிட்டு நகர முடியவில்லை.

"இப்ப முடி மாதிரி ஒரு கம்பி வந்திருக்காம். குடுவைக்குள்ள விட்டே சூடு பாக்கலாமாம். அந்தக் கொஞ்சூண்டு அவர் மனசுலயும் கிடந்து உறுத்துதாம். அதே விளக்கு இருந்தாத்தான் அளக்க முடியும்னாரு. இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்குறாருண்ணே. கேக்காமலே விட்டிருந்தாலும் யாரும் அவரைக் குத்தம் சொல்லப் போறதில்ல."

"என் விளக்கைத் திட்டுனவன் கையில என் விளக்கைக் குடுக்கணுமா? நடக்காது. சூடு இருக்குன்னு அளந்து காட்டிட்டான்னா?"

"இருந்தா இருக்குன்னு போடட்டும்."

"உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு. அதான் சீக்கிரம் போங்கன்றேன்."

பல்பு ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். வெளியே வெயில் மஞ்சளாக அடித்தது. கண்டக்டர் கதவருகே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்களே கொண்டு போகணும். தொட்டி ஒழுகாமப் பாத்து, உங்க கையாலயே மாட்டிக் குடுக்கணும். அவர் அளக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கணும். சண்டை போடக் கூடாது. சட்டையைப் பிடிக்கக் கூடாது."

"சரி" என்றான் பல்பு. அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

அவள் கண்ணை மூடினாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவன் மெல்ல நகர்ந்தான். கதவு வரை வந்துவிட்டான்.

"அண்ணே."

"சொல்லு."

"போறப்ப ஒரு பாட்டில் பச்சத்தண்ணி எடுத்துட்டுப் போங்க. அங்க எதைத் தண்ணின்னு சொல்றாங்களோ."